ஹாரன் ஒலிக்காத முதலிடம்

முதலாவதாக வந்தவளுக்கு ஹாரன் ஒலிக்கவில்லை.

முடிவுக்கோட்டின் ஓரத்தில் நங்கூரமிட்டிருந்த படகில் அலுவலர்கள் நின்றிருந்தார்கள். வீரர் நின்றபடி காற்றில் செலுத்தும் பாய்ப்பலகை ஒவ்வொன்றும் கோட்டைக் கடக்கும்போது அவர்களில் ஒருவர் ஹாரனை ஒருமுறை அழுத்துவார், அதுதான் வழக்கம். வாத்து என்று வீட்டில் அழைக்கப்படும் அவள் கடந்தபோது ஒருவர் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹாரனைக் கையில் வைத்திருந்தவரோ, கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத உறவினரைக் கண்டவர்போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்து இரண்டாவது பலகை வந்தது. அதற்கு ஹாரன் கணீரென்று ஒலித்தது.

இந்தப் போட்டியில் அந்த மௌனத்துக்கு ஒரே பொருள்தான் உண்டு. போட்டி தொடங்குவதற்கு முன்பே தொடக்கக்கோட்டைத் தாண்டிவிட்டவர், திரும்பிச் சென்று மறுபடி தொடங்காமல் ஓடினால், எத்தனையாவதாக வந்தாலும் வந்தவராகக் கருதப்படுவதில்லை.

கரையில் அவளுடைய அப்பா மகிழ்ச்சியில் ஆடிக்கொண்டிருந்தார்.

வாத்து என்பது அவளுடைய பெயரன்று. சிறுமியாக முதன்முதலில் பலகையில் ஏறி, ஏறிய வேகத்தில் தண்ணீரில் விழுந்து, விழுந்த வேகத்தில் தலையை உலுப்பிக்கொண்டு எழுந்ததைப் பார்த்து அண்ணன் வைத்தது. பல நாட்டு அணிகள் கூடியிருந்த இந்த விளையாட்டு விழாவுக்கு அவளுடைய பயிற்சியாளராக வந்திருந்தவனும் அதே அண்ணன்தான். பல ஓட்டங்களின் மதிப்பெண்களைக் கூட்டித்தான் பதக்கம்; இன்னும் ஓர் ஓட்டம் மீதமிருந்தது, அது நாளைக்கு.

தொடக்கத்தில் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் இது வெறும் துரதிர்ஷ்டமாகப் போயிருக்கும். அவளுக்குத் தெரியும்.

தொடங்குவதற்கு முந்தைய நொடிகளில் எல்லாப் பலகைகளும் கோட்டுக்குப் பின்னால், பாயைத் தளர்த்திப் பிடித்தபடி, ஒன்றையொன்று இடிக்காத குறையாக நிற்கும். அவள் ஒரு மூச்சு முன்னதாகப் பாயை இழுத்துவிட்டாள். பலகை துள்ளியது. கோட்டின் முனையைக் குறிக்கும் மிதவை தன் தோளுக்குப் பின்னால் போய்விட்டதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். அதன் பிறகே தொடக்க ஹாரன் ஒலித்தது. உடனே இன்னொரு ஹாரன். படகில் நீலச் சிலுவை போட்ட வெள்ளைக்கொடி ஏறியது. யாரோ முந்திவிட்டார் என்று பொருள். யார் என்று சொல்ல மாட்டார்கள். முந்தியவர் தாமே உணர்ந்து திரும்ப வேண்டும். கடலில் ஒவ்வொருவருக்கும் ஒரு காவலரைப் போட முடியாது என்பதால், அவரவர் தப்பை அவரவரே ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டின்மேல்தான் இந்த விளையாட்டே நிற்கிறது.

அவளுக்கு இடப்பக்கம், ஒரு பலகை நீளம் பின்னால், பம்பரம் இருந்தாள். வேறு அணிக்காரி, வாத்தைவிட இளையவள், மிதவையைச் சுற்றித் திரும்பும் வேகத்தால் அந்தப் பெயரைப் பெற்றவள். அன்றைய காற்றில் வாத்துக்கு ஈடுகொடுக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

வாத்து கழுத்தைத் திருப்பி அவளிடம் கத்தினாள்.

"நீதான். திரும்பிப் போ."

பம்பரம் ஒரு கணம் விழித்தாள். பிறகு, பேருந்தில் இடம்விட்டவருக்கு நன்றி சொல்வதுபோல, வாத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் பாயைத் தளர்த்தினாள். அவள் மிதவையைச் சுற்றிப் போய் எல்லோருக்கும் பின்னால் மறுபடி தொடங்கியபோது வாத்து முதல் மிதவைக்குப் பாதித் தூரம் போயிருந்தாள். மூன்றாவது மிதவையைச் சுற்றுவதற்குள், தான் சொன்னதை அவளே முக்கால்வாசி நம்பியும்விட்டாள். மீதிக் கால்வாசி, முடிவுக்கோட்டில் ஹாரன் ஒலிக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

கரைக்கு வந்தபோது தண்ணீர் முழங்காலளவு இருக்கும்போதே அப்பா இறங்கி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். அப்பா தையல்காரர். அவளுடைய பாயின் எண்ணை முதுகில் பெரிதாக வைத்துத் தாமே ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். விளையாட்டின் விதிகளில் அவருக்குத் தெரிந்தது, முன்னால் வருபவர் முதல் என்பது மட்டுமே.

"எம் பொண்ணு," என்றார் அருகில் நின்ற முன்பின் தெரியாத பெண்மணியிடம். "அந்த முதல்ல வந்தது எம் பொண்ணு. சின்ன வயசுல பக்கெட் தண்ணியப் பார்த்தாலே அலறுவா."

அந்தப் பெண்மணி மரியாதைக்குக் கைதட்டினாள். வாத்து குனிந்து, அவிழ்க்கத் தேவையில்லாத ஒரு கயிற்றை அவிழ்த்தாள்.

அண்ணன் அவளைப் பாய்கள் காயவைத்திருந்த பந்தலுக்குப் பின்னால் அழைத்துப் போனான்.

"ரெண்டாவது ஹாரன் கேட்டுச்சா?"

அவள் காய்ந்துகொண்டிருந்த பாயொன்றின் மடிப்பை நீவினாள்.

"காத்து அந்தப் பக்கம் இழுத்துச்சு. கொடியும் படகோட கூரைக்குப் பின்னாடி மறைஞ்சுதான் ஏறுச்சு. கேட்டிருக்காது. கேட்டுச்சா?"

கேள்விக்குள்ளேயே பதிலை மடித்து வைத்துக் கேட்டால் அதை எடுத்துத் திருப்பிக் கொடுப்பது எளிது.

"கேக்கல," என்றாள்.

"அதான். சமிக்ஞை சரியாக் குடுக்கலன்னு மனு போடலாம். ஏத்துக்கிட்டாங்கன்னா தங்கம் கிட்டத்தட்ட உனக்குத்தான்."

"விடுண்ணா. மோசமான ஓட்டம் ஒண்ணைக் கழிச்சுக்கலாம்ல. இதையே கழிச்சுடலாம்."

"கழிச்சா நாளைக்கு விழுந்து புரண்டு வெண்கலம். இத்தனை வருஷம் தண்ணியில ஊறினது வெண்கலத்துக்கா? வாத்துன்னு பேரு வச்சா கோழி மாதிரி பேசறே."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். அவன் அவளை முழுமையாக நம்பினான் என்பதுதான் அங்கே இருந்த ஒரே சங்கடம்.

மனுவுக்குச் சாட்சி வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அவளுக்கு மிக அருகில் இருந்தவள் பம்பரம் என்பதால், அண்ணன் தங்கையைக் கேட்காமலே அவளிடம் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"உடனே ஒத்துக்கிட்டா. அக்காவுக்காகன்னா வராம இருப்பேனான்னா. நல்ல பொண்ணு."

 வாத்து மனுவை அப்போதே திரும்பப் பெற்றிருக்கலாம். ஏன் என்று அண்ணன் கேட்பான். அதற்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பதிலுக்கு முன்னால் விசாரணை அறை சின்ன ஆபத்தாகத் தெரிந்தது. நடந்து உள்ளே போனாள்.

அறையில் நீளமான மேசையொன்றும், அதன்மேல் உள்ளங்கையளவு பொம்மைப் பலகைகளும் இருந்தன. யார் எங்கே இருந்தார்கள் என்று நகர்த்திக் காட்டுவதற்கானவை. நடுவர் குழுவின் தலைவி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதைத் தேடாமல் நினைவில் வைத்திருக்கும் வகையைச் சேர்ந்தவர். குரலை உயர்த்தத் தேவையில்லாதவர்.

"சொல்லுங்க. ரெண்டாவது ஹாரன் உங்களுக்குக் கேக்கல."

"கேக்கல."

"கொடி?"

"தெரியல."

"சரி. சாட்சியைக் கூப்பிடுங்க."

பம்பரம் ஈரக் கூந்தலைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்தாள். உட்காரும்போது வாத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள், கவலைப்படாதே என்பதுபோல.

"நீங்க எங்க இருந்தீங்கன்னு வச்சுக் காட்டுங்க."

பம்பரம் சிவப்புப் பொம்மையை எடுத்துக் கோட்டுக்கு முன்னால் வைத்தாள். நீலத்தை அதற்குச் சற்று முன்னால் வைத்தாள். "இது நான், இது அக்கா. நான் தாண்டிட்டேன். எனக்கே தெரியல. அக்காதான் சொன்னாங்க."

தலைவியின் கை குறிப்பெழுதுவதை நிறுத்தியது. "என்ன சொன்னாங்க?"

"ரெண்டாவது ஹாரன் அடிச்ச உடனே திரும்பிப் பார்த்து, நீதான், திரும்பிப் போன்னு. வேற யாரா இருந்தாலும் எனக்கென்னன்னு போயிருப்பாங்க. எதிரணிக்காரிக்கு அதைச் சொல்லணும்னு என்ன இருக்கு? அதான் சொல்றேன், இவங்க தெரிஞ்சே ஓடியிருக்க மாட்டாங்க. அப்பிடிப்பட்ட ஆளில்ல."

சாட்சி மனுதாரருக்கு இதைவிட உண்மையாக உதவியிருக்க முடியாது. மனு அந்த இடத்திலேயே செத்தது. ஹாரன் கேட்காதவள் எப்படி ஹாரன் ஒலித்தவுடனே இன்னொருத்தியைத் திரும்பச் சொன்னாள் என்பதை அண்ணன் புரிந்துகொள்வதை வாத்து பார்க்கவில்லை. அவனுடைய நாற்காலி மெல்ல முனகியதிலிருந்து தெரிந்துகொண்டாள்.

"அப்ப ஹாரன் கேட்டிருக்கு," என்றார் தலைவி.

"கேட்டுச்சு."

"சரி." அவர் கையை நீட்டிச் சிவப்புப் பொம்மையை மட்டும் எடுத்து, கோட்டுக்குப் பின்னால், நன்றாகப் பின்னால் வைத்தார். பம்பரத்திடம் சொன்னார்: "நீங்க தாண்டலம்மா. ரெண்டு அலுவலர்கள் பார்த்திருக்காங்க. தாண்டினது ஒரே பாய்தான்."

பம்பரம் பொம்மையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், புரியாதபோது சிரிக்கும் சிரிப்பு. "அப்ப நான் எதுக்குத் திரும்பினேன்?"

 தலைவி கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு வாத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒரு கேள்விதான். யோசிச்சுச் சொல்லுங்க. அவசரத்துல ஆள் மாறிப்போறது நடக்கும். அப்படின்னா உங்க மனுவைத் தள்ளிட்டு இதை முடிச்சிடுவோம். இந்த ஓட்டத்தை நீங்க கழிச்சுக்கலாம், நாளைக்கு இறங்கலாம். தெரிஞ்சே திருப்பிவிட்டிருந்தா அது வேற. அந்தத் தண்டனையைக் கழிக்க முடியாது. இவங்களுக்கும் நாங்க நியாயம் செய்யணும். இவங்க கோட்டைத் தாண்டிட்டாங்கன்னு நீங்க நிஜமாவே நினைச்சீங்களா?"

கதவு திறந்தே கிடந்தது. நினைத்தேன் என்று சொன்னால் போதும். அவளுடைய தலைக்குள் இருந்ததைப் பார்த்த அலுவலர் யாருமில்லை. வெண்கலம் அந்த ஒரு சொல்லுக்கு அப்பால் இருந்தது. அண்ணனுடைய முகமும், அப்பாவின் சட்டையும்கூட அதற்கு அப்பால்தான் இருந்தன. பம்பரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம்சாட்டும் பார்வையாக இருந்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். அவள் உதவிசெய்யப் பார்த்தாள். "அவசரம்தானேக்கா," என்றாள் மெதுவாக. "அந்தக் கும்பல்ல யாருக்கு என்ன தெரியும்."

"இல்ல," என்றாள் வாத்து.

"இல்லன்னா?"

"நினைக்கல. நான்தான் தாண்டினேன்னு தெரியும். இவ பின்னாடி இருந்தா. அதுவும் தெரியும்."

 பம்பரம் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் உங்களுக்குத் தலையாட்டினேனே," என்றாள்.

 அவள் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று வாத்துக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதுகூடத் தனக்கு வசதியான எண்ணம் என்பதும் உடனே தோன்றியது.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. வாத்துக்கு அந்த ஓட்டத்தில் கடைசிக்கும் கடைசியான மதிப்பெண், கழிக்க முடியாதது. பம்பரத்துக்கு அவளுடைய மற்ற ஓட்டங்களின் சராசரி. நாளை வாத்து முதலாவதாக வந்தாலும் பதக்கம் இல்லை.

வெளியே நடைபாதையில் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றான். "நான் போய் அந்தப் பொண்ணையே சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தேன் பாரு." பந்தலுக்குப் பின்னால் அவன் எப்படிக் கேட்டான் என்பதைப் பற்றி அவளால் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியும். பேச அவளுக்கு அருகதை இல்லை. அவன் பாய்களைச் சுருட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவை ஏற்கெனவே சுருட்டப்பட்டிருந்தன.

அவள் போனபோது, பலகைகளைக் கழுவும் குழாயடியில் அப்பா இருந்தார். பக்கத்தில் பம்பரம் தன் பலகையின்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்கள் சிவந்திருந்ததை அப்பா கவனித்துவிட்டார்.

"அட, இதுக்கெல்லாம் போய் அழுவாங்களா கண்ணு," என்றார். "எம் பொண்ணு ஜெயிச்சா நீ தோத்துட்டேன்னு அர்த்தமா? உனக்கு வயசிருக்கு. அடுத்த தடவை நீயும் அவள மாதிரி வந்துடுவே, பாரு."

பம்பரம் திரும்பாமல் சொன்னாள்: "உங்க பொண்ணையே கேளுங்க அங்கிள்."

அப்பா திரும்பினார். "வாத்துக்குட்டி, என்னடா? பதக்கம் நாளைக்கா, இன்னைக்கேவா?"

"பதக்கம் இல்லப்பா."

"முதல்ல வந்தியே."

"வரல."

"நான் பார்த்தேனே."

அவள் சொல்லத் தொடங்கினாள். விதி தெரிந்தவரிடம் ஒரு வாக்கியத்தில் முடித்திருக்கலாம். அப்பாவிடம் அப்படி முடியவில்லை. கோடு என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"தண்ணியில எப்பிடிக் கோடு போடுவாங்க?"

"கோடு கிடையாதுப்பா. படகுக்கும் மிதவைக்கும் நடுவுல, இருக்கிறதா வச்சுக்கிறது."

"சரி."

"ஹாரன் அடிக்கிறதுக்கு முன்னாடி அதைத் தாண்டக் கூடாது. தாண்டினா இன்னொரு ஹாரன் அடிப்பாங்க."

"தாண்டினது யாருன்னு சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. நாமளே தெரிஞ்சுக்கணும்."

"அதெப்பிடி? தப்பு பண்ணவன் தானா வருவானா?" அப்பாவுக்கு இது பிடித்திருந்தது. தையலில் ஒரு புதிய மடிப்பைக் கற்றுக்கொள்பவர்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். "வந்தா என்ன பண்ணுவாங்க?"

"திரும்பிப் போய் மறுபடி ஆரம்பிக்கலாம். ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கொஞ்சம் நேரம் போகும், அவ்வளவுதான்."

"நல்ல ஏற்பாடுதான். அப்ப இந்தப் பொண்ணு தாண்டிடுச்சா? அதான் அழுவுதா?"

"இல்லப்பா. தாண்டினது நான்."

"நீயா? ஹாரன் உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

பம்பரம் குழாயை மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றதால் வாத்து குரலைத் தாழ்த்தியிருக்கலாம், தாழ்த்தவில்லை.

"கேட்ட உடனே இவளைப் பார்த்து, நீதான் தாண்டினே, திரும்பிப் போன்னு சொன்னேன். இவ நம்பித் திரும்பிப் போயிட்டா. நான் வந்துட்டேன்."

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு பம்பரத்தைப் பார்த்தார். கையை மெல்ல முதுகுக்குக் கொண்டுபோய், சட்டையில் எண் தைத்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார், அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்பதுபோல. அதற்குமேல் அவர் எந்தச் சந்தேகமும் கேட்கவில்லை.