எட்டு போல்ட்

அந்த எட்டு போல்ட்டுகளைப் பார்த்தாலே யோகிம் ராத்யேவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கீல் நகரத் துறைமுகத்தில் 1908-இல் கட்டி இறக்கிய நீர்மூழ்கிப் படகுக்கு அவர்தான் இயந்திர மேஸ்திரி. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின். ஓடினால் வெள்ளை வெளேரென்று புகை கக்கும். அந்தப் புகை வெளியேற மேல்தளத்தில் ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு குழாய் நின்றது. படகு முழுக வேண்டுமென்றால் முதலில் எட்டு போல்ட்டுகளைக் கழற்றிக் குழாயைச் சாய்க்க வேண்டும். பிறகு துளைமேல் இரும்பு மூடியை வைத்து, அதே எட்டையும் திரும்ப முறுக்க வேண்டும். எதிரி வரும்போது, அலை அடிக்கும்போது, விறைத்த விரல்களால்.

ராத்யே மாற்றுவழி கண்டுபிடித்து வைத்திருந்தார். குழாயையும் மூடியையும் பிடிக்க ஒரு வளையம், ஓர் ஆப்பு, சுத்தியலால் ஒரே தட்டு. தன் பட்டறையிலேயே அதைச் செய்து, மூன்றாம் முறையாக வரைபட அலுவலகத்துக்கு எடுத்துப்போனார். அங்கே பொறியாளர் ப்ரோக்மான் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"ஆப்பா? இது என்ன மாட்டு வண்டியா, மேஸ்திரி?"

"முழுகினா மூடியை மேலேர்ந்து தண்ணியே அழுத்துமே ஐயா. அப்புறம் எட்டு போல்ட் எதுக்கு? அது பாட்டுக்கு இறுகிக்கும்."

"வரைபடத்துல எட்டுன்னு போட்டிருக்கு. கையெழுத்து ஆயிடுச்சு. நீங்க எஞ்சினைப் பாருங்க."

ராத்யே எஞ்சினைப் பார்க்கப் போனார். வேறென்ன செய்வது?

மார்ச் மாதம் சோதனை ஓட்டம் நடந்தது. எதிரிக் கப்பலாக நடிக்க ஒரு டார்பிடோ படகை அனுப்பியிருந்தார்கள். அது கண்ணுக்குத் தெரிந்ததும் முழுகி மறைய வேண்டும், நாலு நிமிடத்துக்குள். பனிக்காற்று ஊசியாகக் குத்தியது. அடிவானத்தில் கரும்புள்ளி தெரிந்ததும், "முழுகு!" என்று கட்டளையிட்டார் தளபதி செல்ஹோவ். ராத்யே எஞ்சினை நிறுத்தினார். மேல்தளத்தில் ஸ்பானரோடு மண்டியிட்டான் தீஸ். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. இருபத்தைந்து வயதில், படகிலேயே வேகமான கை அவனுடையதுதான்.

ஐந்து போல்ட் கழன்றது. ஆறாவது உப்பில் இறுகிக் கிடந்தது.

"என்னடா ஆச்சு?" ராத்யே ஏணியிலிருந்து தலையை நீட்டினார்.

"வர மாட்டேங்குது மேஸ்திரி! சனியன், ஒட்டிக்கிச்சு!"

அவர் மேலே ஏறி, தானும் ஸ்பானரைப் பிடித்து இழுத்தார். ஆறாவது வந்தது. ஏழும் வந்தது. எட்டாவது வரும்போது ஓர் அலை படகைச் சாய்த்தது. குழாய் சரிந்து தீஸின் இடதுகைமேல் விழுந்தது. அவன் கத்தவில்லை. பிளந்த வாயோடு கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு ராத்யே நிமிர்ந்தபோது, டார்பிடோ படகு பக்கத்திலேயே வந்து நின்றது. நடந்தது தெரியாமல் அதிலிருந்த மாலுமிகள் தொப்பியை ஆட்டினார்கள்.

"என்னப்பா, முழுகப் போறீங்களா, குளிக்கப் போறீங்களா? நாங்க வேணா சாப்பிட்டுட்டு வரட்டுமா?"

தீஸுக்கு இரண்டு விரல்கள் போயின.

ஒரு வாரம் கழித்து சோதனைக் குழு ராத்யேவைக் கூப்பிட்டது. மேசைமேல் ஒரு தாள் தயாராக இருந்தது. மாலுமியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடுங்க" என்றார் செல்ஹோவ்.

"மாட்டேன் ஐயா. அவன் மேல தப்பு இல்ல. தப்பு அந்த எட்டு போல்ட் மேல."

"போல்ட் கை கால் முளைச்சு நடந்து வந்ததா?"

"வேலையை விட்டுத் தூக்குங்க. இதுல மட்டும் போட மாட்டேன்."

வெளியே வந்து படியிறங்கினார். வெகுநாளைக்குப் பிறகு நிமிர்ந்து நடந்ததுபோல் இருந்தது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், கருவாட்டுப் பொட்டலத்தைத் தீஸின் மடியில் வைத்து நடந்ததைச் சொன்னார்.

தீஸ் போர்வையைப் பார்த்தான்.

"நான் நேத்தே போட்டுட்டேன் மேஸ்திரி."

"எதுல?"

"அதே மாதிரி ஒரு தாள்ல. போட்டா படகுலயே வச்சுக்கிறோம்னாங்க. இல்லேன்னா கரையில உருளைக்கிழங்கு உரிக்கணுமாம். ரெண்டு விரல் இல்லாம கிழங்குகூட ஒழுங்கா உரிக்க முடியாது." சிரிக்க முயன்றான். "கோவிச்சுக்காதீங்க."

யாரைக் கோபித்துக்கொள்வது என்று ராத்யேவுக்குத் தெரியவில்லை. அவனையா, அவனிடம் தாளை நீட்டியவர்களையா? அவன் தோளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

அவரை வேலையை விட்டு யாரும் தூக்கவில்லை. அவர் மறுத்ததை ஒருவரும் பொருட்படுத்தவேயில்லை. மே மாதம் அடுத்த படகுக்கான வரைபடம் வந்தது. விபத்தைக் கருத்தில் கொண்டு மூடியைப் பலப்படுத்தியிருந்தார்கள். எட்டு, பன்னிரண்டாகியிருந்தது.

ராத்யே அதை இரண்டு முறை எண்ணினார். பிறகு தாளைச் சுருட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், ப்ரோக்மானின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க எழுந்து என்கூட வர்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

"எங்க வரணும்?"

"பட்டறைக்கு. உங்க பன்னிரண்டையும் நீங்களே கழட்டிப் பாருங்க."

ப்ரோக்மான் முதலில் சிரித்தார், பிறகு மிரட்டினார். சுற்றியிருந்தவர்கள் பேனாவை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கியதும் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

பட்டறையில் செய்துவைத்த பன்னிரண்டு போல்ட் மாதிரி மூடிக்கு முன் அவரை மண்டியிட வைத்த ராத்யே, ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் கையை நனைக்கச் சொன்னார். அலை இல்லை, காற்று இல்லை, எதிரி இல்லை. ஆனாலும் பதினொரு நிமிடம் ஆனது. ப்ரோக்மானின் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

"கஷ்டம்தான்" என்று ஒப்புக்கொண்டார். "கவனிக்க வேண்டிய விஷயம்."

ராத்யே ஆப்பை எடுத்துக் காட்டினார். ப்ரோக்மான் முதன்முறையாக அதைக் கையில் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், தலையாட்டினார். ராத்யே சுத்தியலையும் எடுத்து நீட்டினார்.

பத்து நாளில் திருத்திய வரைபடம் வந்தது. பன்னிரண்டைச் சிவப்பு மையால் அடித்து, எட்டே போதுமானது என்று எழுதியிருந்தார்கள். அடுத்த நாலு படகுகளுக்கும் அதே. ஆப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கட்டோடு வேலைக்குத் திரும்பியிருந்த தீஸ் எட்டிப் பார்த்தான்.

"பரவாயில்ல மேஸ்திரி, நாலு குறைச்சிட்டீங்களே!"

அவனை அறைவதா, கட்டிக்கொள்வதா என்று ராத்யேவுக்குப் புரியவில்லை. பிறகு கிரீஸ் டப்பாவை எடுத்து, உட்கார்ந்து, உப்பு ஏறாதபடி ஒவ்வொரு போல்ட்டின் திருகுப் புரியிலும் கனமாகத் தடவத் தொடங்கினார். இனி அவர் கையில் இருந்தது அவ்வளவுதான்.