கடலுக்குப் போன பந்து

சல்லிக் கடற்கரையில் பிரகலாதன் நினைவுக் கிண்ணத்தின் இறுதியாட்டம். மாவட்ட அணிக்கு ஆடிய பிள்ளையை எலும்புப் புற்றுநோய் இருபத்திரண்டு வயதில் கொண்டுபோய்விட்டது. அவனுடைய பந்திலேயே ஆட்டம் தொடங்கட்டும் என்று தகப்பன் தம்பிராசா அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கழுத்தில் மாலையோடு முன்கதிரையில் இருந்தார்.

ஆட்டம் சூடுபிடிக்க முன்னமே யாரோ ஓங்கி உதைத்ததில் பந்து கடலில் விழுந்தது. கரையிலிருந்து வீசிய கச்சான் காற்று அதை வெளியே தள்ளிக்கொண்டு போனது. பிரகலாதனுக்காக அன்று ஊரே கடல் தொழிலுக்குப் போகவில்லை. படகு எஞ்சின்கள் எல்லாம் வீடுகளில் கிடந்தன. அவனுடைய கூட்டாளி விதுசன் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நீந்தப் போனான்.

தம்பிராசா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். இந்தக் காற்றோடு காலம் முழுக்கத் தொழில் செய்தவர் அவர்.

"விடு தம்பி. இனி ஒண்டும் செய்ய ஏலாது."

கொழும்பில் டொக்டரும் இப்படித்தான், கையைப் பிடித்துக்கொண்டு, இதையே சொன்னார். அந்த மனிதன் மேல் வந்த கோபம் தம்பிராசாவுக்கு இன்னும் ஆறவில்லை.

விதுசன் கையை உதறிவிட்டு அவரைப் பார்த்தான். அன்று டொக்டரைத் தானும் அப்படித்தான் பார்த்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

பின்னால் வேறு பந்துக்கு விசில் ஊதினார்கள்.