நல்ல தண்ணீர்த் தலைப்பிரட்டைகள்

சென்னிமலைக்குக் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் வேலை. ஆனால் எதைப் பற்றிப் பெருமையடிக்க ஆரம்பித்தாலும் கடைசியில் தன் தோட்டத்துக் கிணற்றில் வந்துதான் நிற்பான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அப்படியொரு தண்ணீர் கிடையாதாம், பருப்பு ஒரே கொதியில் வெந்துவிடுமாம். கல்லூரியிருந்த பாலக்காட்டில் அறை எடுத்துத் தங்கியவன், மனைவி கமலாத்தாளைத் தோட்டத்திலேயே விட்டு வைத்திருந்ததும் அந்தத் தண்ணீரை நம்பித்தான். இரண்டு முறை கரு கலைந்து, இப்போது நாலாம் மாதம். இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அது எழுபத்து நாலாம் வருஷம். அப்போதுதான் அவன் ஓர் ஆராய்ச்சியில் இறங்கினான். உடும்பஞ்சோலை மலையில் ஏலக்காய்த் தோட்டங்களில் அடிக்கும் பூச்சிமருந்து ஓடையில் கலக்கிறது. அந்த நீரில் தலைப்பிரட்டை தவளையாகுமா என்று பார்க்கவேண்டும். அதற்குக் கால் முளைப்பதும் வால் சுருங்குவதும் தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பியின் வேலை. மருந்தால் அந்தச் சுரப்பு நின்றுபோனால் தலைப்பிரட்டை சாகாது. தின்று கொழுத்துத் தலைப்பிரட்டையாகவே கிடக்கும்.

ஏலக்காய் வியாபாரம் செய்யும் மச்சினன் ஓடைத் தண்ணீரைக் கேனில் பிடித்து பஸ்ஸில் அனுப்பினான். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான தண்ணீரும் வேண்டுமே? சென்னிமலை யோசிக்கவே இல்லை. வாரா வாரம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது தன் கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்தான். அந்தக் கண்ணாடித் தொட்டியில் ‘நல்ல தண்ணீர்’ என்று சீட்டு ஒட்டியபோது அவன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. ஓடைத் தண்ணீரில் சில செத்தன, மற்றவை கால் முளைத்துத் தாவின. நல்ல தண்ணீரில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் ஒன்றுக்கும் கால் வரவில்லை. கட்டைவிரல் பருமனுக்கு ஊதிப்போய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

“சீட்ட மாத்தி ஒட்டீட்டயா?” என்று ஆய்வுக்கூட உதவியாள் வீரபாண்டிமேல் பாய்ந்தான்.

“சத்தியமாத் தொடலைங்க சார். தண்ணி ஊத்துனதும் நீங்கதானுங்க.”

புது முட்டைகள் கொண்டுவந்து, எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து, அறைச் சாவியையும் தானே வைத்துக்கொண்டான். மறுபடியும் அதே கதைதான். அப்படியானால் கிணற்றுத் தண்ணீரில்தான் ஏதோ மருந்து கலந்திருக்கிறது. அன்று அந்தக் கொழுத்த தலைப்பிரட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்குத் திடீரென்று கமலாத்தாளின் நினைவு வந்தது. அவளுக்கு இது ஏழாம் மாதம், குடிப்பதோ அதே கிணற்றுத் தண்ணீர். மனிதப் பிள்ளைக்கும் கழுத்தில் அதே சுரப்பிதான். அது முடங்கினால் கால் முளைக்காமல் போகாது, மூளைதான் மந்தமாகும். வருஷா வருஷம் வகுப்பில் சொல்லும் பாடம். சொல்லும்போது கொட்டாவிகூட விட்டிருக்கிறான். நடு வாரம் என்றும் பார்க்காமல் பஸ் ஏறினான்.

வாசலில் கமலாத்தாள் வழக்கம்போலச் சொம்பை நீட்டினாள். வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை.

“ஏனுங்க, தண்ணியக் கையில வெச்சுட்டு இப்படி நிக்கறீங்க?”

சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பருத்திக் காட்டுக்குப் போனான். அங்கே அவன் அப்பா அப்புசாமி களை எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கப்பா, பருத்திக்கு அடிக்கற மருந்தெல்லாம் எங்க வெச்சிருக்கறீங்க? முன்ன தாவாரத்துலதான இருக்கும்?”

அப்புசாமிக்கு முகம் மலர்ந்தது. “வாயும் வயிறுமா இருக்கற புள்ள பொழங்கற ஊட்ல வெசத்த வெக்கலாமாடா? சேதி தெரிஞ்ச அன்னிக்கே கெணத்துக்குள்ள மோட்டார் குழிக்கு எறக்கீட்டன். நெழலாவும் இருக்குது. அங்க எவன் எறங்கப் போறான்?”

மோட்டார் குழி என்பது கிணற்றின் பாதி ஆழத்தில், தண்ணீருக்குச் சற்று மேலே, பாறையில் குடைந்த இடம். சென்னிமலை படியில் இறங்கிப் போனான். டின்கள் வரிசையாக இருந்தன. ஈரத்தில் ஒரு டின்னின் அடியோரம் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. அங்கிருந்து பாறைமேல் பால்போல ஒரு கோடு தண்ணீர்வரை இறங்கியிருந்தது.

டின்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து வைத்தான். துருவேறிய டின்னைப் பார்த்ததும் அப்புசாமி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சென்னிமலைக்கு அவரை அடித்துவிடலாம் போலவும் இருந்தது, அவர் காலைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. மருமகள்மேல் அந்த மனிதர் வைத்த பாசத்தை எந்த வார்த்தையால் திட்டுவது? அவர் மட்டுமா, ‘நல்ல தண்ணீர்’ என்று சீட்டு எழுதி ஒட்டியவன் இவன்தானே. அவனுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுப் பானைகளையெல்லாம் கவிழ்த்தாயிற்று. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வண்டியில் தண்ணீர் வந்தது. நடந்ததைக் கமலாத்தாளிடம் சொன்னான். பொழுது சாயும்போது அவன் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள்.

“இங்க பாருங்க, உதைக்குது.”

“ரெண்டு காலாலயுமா?” வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சிரித்துவிட்டாள். “வாத்தியாரு கேக்கற கேள்வியப் பாரு! அதெப்படிங்க எனக்குத் தெரியும்?”

கால் இருக்கும், அது அவனுக்குத் தெரியும். அவன் கேட்க நினைத்தது வேறு. பிள்ளை பிறந்து, முகம் பார்த்துச் சிரித்து, ‘அப்பா’ என்று கூப்பிடும்வரை அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. கையை எடுக்காமல் அடுத்த உதைக்குக் காத்திருந்தான்.