பெரட்டுக் குரல்

ரஞ்சிதம் பெயர் கூப்பிட்டால் மூன்றாவது மலைக்கும் கேட்கும். தேயிலைத் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டில், வேலைக்கு வந்த ஆட்களை வரிசையாக நிறுத்தி, இருபது வருடம் பெயர் கூப்பிட்ட கங்காணி அவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாளே தவிர, தொண்டை ஓய்வு பெறவில்லை. அந்தத் தொண்டைதான் முதல் ஞாயிற்றுக்கிழமையே அவளைக் கவிழ்த்தது.

தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் ஞாயிறுதோறும் நடக்கவிருந்த சந்திப்புக்கு அன்று ஆறு பெண்கள் கூடியிருந்தார்கள். இலங்கைப் போரின் கடைசி நாட்களில் சனங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்ததை நேரில் பார்த்து, தப்பி வந்து, இப்போது பக்கத்து மலையூர்களான கம்போங் ராஜாவிலும் திரிங்காப்பிலும் காய்கறித் தோட்டங்களில் வேலை செய்பவர்கள். பேசினால் பேசலாம், சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி என்று சொல்லி ஈப்போவிலிருந்து சுபத்ரா என்ற மனநல ஆலோசகர் வந்திருந்தார். சாவி, தேநீர், வருகைப் புத்தகம் மூன்றும் ரஞ்சிதத்தின் பொறுப்பு. புத்தகம் என்று ஒன்று இருந்தால் பெயர் கூப்பிடத்தானே வேண்டும்? நிமிர்ந்து நின்று, "தவமலர்" என்று ஒரு குரல் கொடுத்தாள்.

தவமலர் எழுந்து வெளியே போய், காதைப் பொத்திக்கொண்டு கால்வாயோரம் குந்திவிட்டாள். முகாம் வாசலில் அவள் கணவனை இராணுவம் இப்படித்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாம். "இருக்கிறன்" என்று கையைத் தூக்கிப் பஸ்ஸில் ஏறியவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கூட வந்தவள் இதைச் சொன்னபோது ரஞ்சிதம் வெட்கிப்போனாள்.

அதற்குப் பிறகு அவள் பெயர் கூப்பிடவே இல்லை. கோப்பைகளை எண்ணிப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள். தவமலர் வராமல் இல்லை, ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. மூன்று ஞாயிறுகள் அவளுக்குத் தேநீரைப் படிக்கே கொண்டுபோய்க் கொடுத்த ரஞ்சிதம், நான்காவது ஞாயிறு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் வாயாலதானே நீ வெளிய போன. என்ன செஞ்சா உள்ள வருவ? சொல்லு லா."

தவமலர் புத்தகத்தை வாங்கி, தன் பெயருக்குக் கீழே 'யோகநாதன்' என்று எழுதினாள். பிறகு உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"அக்கா, அவரை ஒருக்கா கூப்பிடுங்கோ. மெல்லமா."

மெல்லக் கூப்பிட்டு ரஞ்சிதத்துக்குப் பழக்கமே கிடையாது. முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை, தூங்கும் பிள்ளையை எழுப்புகிற மாதிரி, "யோகநாதன்" என்றாள்.

காய்கறி லாரி ஒன்று மேடேறிப் போனது. அதன் சத்தம் அடங்கும்வரை ஆறு பெண்களும் வாசலையே பார்த்தார்கள். பெரட்டில் பதில் வராத பெயருக்கு நேரே, ஆள் இல்லை என்று ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவதுதான் வழக்கம். ரஞ்சிதத்தின் பேனா யோகநாதன் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தின் மேல் நின்றது. தவமலர் இப்போது அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரஞ்சிதம் பேனாவை மூடி வைத்தாள். கட்டம் வெள்ளையாகவே இருந்தது.