அடுப்புக்குள் போன சப்பாத்து

நடிகர் அந்த ஓட்டக் காலணியை, இரண்டு சப்பாத்தையும், ஒரே வீச்சில் அடுப்புக்குள் எறிந்தபோது கிருஷ்ணகுமாரி ஓரடி முன்னே வந்துவிட்டாள். ஒத்திகைதான், அடுப்பு இன்னும் மூட்டவில்லை. ஆனால் அந்த நடிகர் கட்டியிருந்தது அவளுடைய அப்பாவின் கட்டம்போட்ட சாரம். தோளில் கிடந்தது அப்பாவின் பழைய துண்டு. அவளுடைய அப்பா கன்னையாவோ அவள் சப்பாத்தை ஒருநாளும் எரித்தவர் இல்லை.

கஹவத்தைக்கு மேலே, இப்போது படம் எடுக்கிற இந்த ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான் அவள் பிறந்தாள். பதினாறு வயதில் மாகாணப் போட்டியில் ஓடி முதலாவதாக வந்தாள். பிறகு நாட்டுக்காகவும் ஓடினாள். இப்போது டவுன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவள் கதையைப் படமாக்க வந்த பலாங்கொடைப் பையன் ஸியாமிடம் எல்லா ஓட்டத்தையும் பற்றிச் சொன்னவள், அந்தச் சப்பாத்து என்ன ஆனது என்பதை மட்டும் விழுங்கிவிட்டாள். அந்த மாகாணப் போட்டிக்கு முந்தின சாயங்காலம் அதை எரித்தது அம்மா புஷ்பம். அம்மா போய் நாலு வருஷமாகிறது. இறந்தவள் பேரில் அதை எதற்கு ஏற்றிவைப்பது என்று விட்டிருந்தாள்.

நேராக ஸியாமிடம் போனாள். இதை யார் சொன்னது என்று கேட்டாள்.

“ஐயாவேதான் டீச்சர். என்னைய உக்கார வச்சு சொன்னாரு. குடிச்சிட்டு வந்து நான்தான் எரிச்சேன்னு.”

அப்பா கள்ளைக்கூட முகர்ந்து பார்த்ததில்லை.

“அப்ப ரப்பர் பால்?”

அதைப் படத்திலிருந்து நீக்கிவிட்டதாக ஸியாம் தயங்கித் தயங்கிச் சொன்னான். சப்பாத்து போன மறுநாள் விடியுமுன்னே கன்னையா ஒரு சிரட்டைப் பாலைக் கொண்டுவந்து, மகளின் உள்ளங்காலில் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, தோல் மாதிரி ஒரு படலம் ஏற்றி அனுப்பியிருந்தார். அவள் ஓடியது அந்தக் காலோடு. எரித்த மனுஷனே விடிந்ததும் பால் பூசினார் என்றால் சனம் நம்பாது, அதனால் படத்தில் கோச் புதுச் சப்பாத்தோடு வருகிறார் என்றான் ஸியாம். மழை இறங்குவதற்குள் இதை எடுத்தாக வேண்டும், நாளைக்கு எல்லாரும் கொழும்புக்குத் திரும்புகிறோம் என்றும் சொன்னான்.

கன்னையா முன்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். சுற்றிலும் தோட்டத்துச் சனம். பக்கத்துக் காம்பரா வீட்டு விஜயகலா, நடிகரின் மீசையைக் காட்டி அவரைச் சீண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் மாமா, ஒங்களுக்கு இம்புட்டுப் பெரிய மீசை எப்ப மொளைச்சுச்சு? அத்தை இருந்திருந்தா பயந்தே போயிருக்கும்.”

அவரும் சிரித்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பின்பக்கம், தண்ணீர்ப் பீப்பாயண்டை கூட்டிப் போய், ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

“கேக்க வந்தான், சொன்னேன். விடு தாயி.”

“பொய் சொன்னீங்க. இது ஊர் ஊரா ஓடப்போற படம்பா. ஒங்க பேரப்புள்ளைங்க பாக்கும்.”

“அதுங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிருவேன். உங்கம்மா வந்து சொல்வாளா?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒன் போட்டோ பேப்பர்ல வந்தப்பல்லாம் அவ எதுக்கு அழுதான்னு நெனைக்கிற? சப்பாத்தை எரிச்சதுக்கு முந்தின போட்டியில இருட்டுனப்புறம் பஸ்ஸ விட்டு எறங்குன. அதுவரைக்கும் அவ ரோட்டுலயே நின்னுக்கிட்டு இருந்தா. பயம், குமாரி. ஆனா படம் பாக்குறவன் பயத்தையா பாப்பான்? நெருப்பைத்தான் பாப்பான்.”

“ஒங்களையும் அப்படித்தானே பாப்பாங்க.”

“பாக்கட்டும். நீ வாயத் தொறக்கக் கூடாது.”

அவள் சரி என்று தலையை அசைத்தாள். அசைத்த பிறகுதான் எதற்கு ஒத்துக்கொண்டோம் என்று நெஞ்சில் உறைத்தது.

அடுப்பு மூட்டினார்கள். புஷ்பமாக நடிக்கிற பெண் மூலையில் குந்தினாள். அழுவதைத் தவிர அவளுக்கு இந்தக் காட்சியில் வேலையில்லை. “லைட் ஹரி,” எல்லாம் சரி என்று லைட்டைப் பிடித்த சிங்களப் பையன் குரல் கொடுத்தான். ஸியாம் கையை உயர்த்தினான்.

நடிகர் தள்ளாடி வந்தார். பானையை உதைத்தார். பொட்டச்சிக்கு ஓட்டமா என்று கத்தி, சப்பாத்தைப் பிடுங்கி ஓங்கினார். கிருஷ்ணகுமாரி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

பிளாஸ்டிக் கதிரை சரிந்து விழுந்தது. கன்னையா எழுந்து நின்றார்.

“அப்படி இல்லைங்க தம்பி. எறியல.” கமரா ஓடிக்கொண்டிருப்பதே அவருக்குத் தெரியவில்லை போல, அடுப்பையே பார்த்துக்கொண்டு பேசினார். “முந்தானையால மண்ணைத் தொடைச்சா. கயித்தை உருவி மடியில வச்சுக்கிட்டா. பெறகு ஒவ்வொண்ணா உள்ள வச்சா, கை சுடுறதுகூடத் தெரியாம. புஷ்பம் எறியல.”

பேர் வாயை விட்டு வந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டார். விஜயகலா கன்னத்தில் கை வைத்தபடி அப்படியே நின்றாள். நடிகர் ஓங்கிய கையை இறக்கினார்.

“ஐயா என்ன சொல்றாரு டீச்சர்?” என்றான் ஸியாம்.

வயசாகிவிட்டது, தடுமாறுகிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் பழையபடி ஓடும். அப்பாவின் கண்ணும் அதைத்தான் கெஞ்சியது. ஆனால் கிருஷ்ணகுமாரியின் நினைப்பு அந்தக் கயிற்றிலேயே நின்றது. அன்றைக்கு விடியக்காலம் அப்பா காலுக்குப் பூசும்போது, பின்னால் உட்கார்ந்து யாரோ தலை வாரி இறுக்கி முடிந்துவிட்டார்கள். அவள் கோபத்தில் திரும்பியே பார்க்கவில்லை. ஓடி முடித்ததும் எடுத்த போட்டோவில் கொண்டையில் வெள்ளையாக ஒரு கயிறு தொங்கும். அது என்ன என்று இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதேயில்லை.

“சப்பாத்துக் கயித்தாலயாப்பா அம்மா எனக்குத் தலை கட்டுனது?”

கன்னையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் ஸியாம் பக்கம் திரும்பினாள். “அப்பா சொன்னதுதான் நடந்தது. ரெண்டையும் எடுக்கிறதா இருந்தா எடுங்க, இந்த அடுப்பையும் அந்தக் கயித்தையும். இல்லாட்டி படத்துலருந்து என் பேரை எடுத்துருங்க.”

ஸியாம் வானத்தைப் பார்த்தான். தகரத்தில் முதல் துளி விழுந்துவிட்டது. மூலையில் இருந்த பெண் யாரையும் கேட்காமல் எழுந்து வந்து, நடிகரின் கையிலிருந்து சப்பாத்தை வாங்கிக்கொண்டு, அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து மண்ணைத் துடைத்தாள். கயிற்றில் விரலை வைத்துவிட்டு, கன்னையாவை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் துண்டை இறக்கினார்.

“எடது காலுதும்மா மொதல்ல,” என்றார். “மெதுவா.”