தகடு இல்லாத சுவர்

"அங்கிள், இந்தச் சுவருக்குள்ள என்ன இருக்கு?"

அறிவுமதி இப்படிக் கேட்டபோது கேரவனின் வேலை பாதிதான் முடிந்திருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவள், துவாக்குடியில் இருந்த வேணுகோபாலின் பட்டறைக்குத் தாத்தாவோடும் அம்மாவோடும் வந்திருந்தாள். வண்டியின் உள்சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

வேணுகோபாலுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. குனிந்து நின்று விளக்கினார்.

"வெளியில அலுமினியம், உள்ள பிளைவுட்டு. நடுவுல வெயில் இறங்காம இருக்கத் தெர்மாகோல். தாத்தா பிடிச்சுக்க எங்கெல்லாம் கைப்பிடி வருதோ, அங்கெல்லாம் பின்னாடி ஒரு கனமான இரும்புத் தகடு இருக்கும். யானை பிடிச்சு இழுத்தாலும் வராது."

"எங்க தாத்தா யானை இல்லையே."

"பென்ஷன் வாங்குற யானைன்னு வச்சுக்கோ," என்றார் தாத்தா பீமராவ். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

பீமராவ் திருச்சி ஜங்ஷனில் டிக்கெட் கவுண்ட்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். ராமேஸ்வரத்துக்கும் ஹௌராவுக்கும் நாள் முழுக்க டிக்கெட் கொடுத்தவர், ஆனால் அவர் போன ஊர்கள் குறைவு. ஓய்வுக்குப் பிறகு போகலாம் என்று தள்ளிவைத்திருந்தார். ஓய்வு வந்த அடுத்த வருடமே பக்கவாதமும் வந்து இடது கையையும் காலையும் பிடித்துக்கொண்டது. எதையாவது பிடித்துக்கொண்டால் நடப்பார். ஆனால் லாட்ஜ் குளியலறைகளில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அதனால்தான் மகள் பிரேமலதாவின் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற மாதிரி ஒரு சின்ன வண்டி வீடு செய்யச் சொன்னார். அதில் முக்கியமானது குளியலறை. அதில் முக்கியமானது, வலது கைக்கு எட்டும் கைப்பிடி.

வேணுகோபாலின் பட்டறையில் தொழிற்சாலைகளுக்கு இரும்புக் குழாய்களும் பெட்டிகளும்தான் செய்வார்கள். கேரவன் இதுதான் முதல் தடவை. அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள், "எந்த நடிகருக்குங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

கார்த்திகை முடியப் போகும் சமயத்தில் ஒரு சிக்கல் வந்தது. கைப்பிடிகளுக்குப் பின்னால் வைக்க வேண்டிய தகடுகள் வெட்டுகிற இடத்திலிருந்து வரவில்லை. மிஷின் பழுது, கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். பட்டறையின் மேஸ்திரி கலீல், "தகடு வந்ததும் சுவரை மூடலாம் அண்ணே" என்றான்.

"அதுக்குள்ள மார்கழி பொறந்துடும்டா."

"மார்கழி பொறந்தா தகடு ஒட்டாதா?"

வேணுகோபால் சிரிக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர், தினமும் திருமண் இட்டுக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர். மார்கழியில் ஒரு புது வீட்டை, அதுவும் தன் கையால் செய்த முதல் வீட்டை ஒருவரிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பீமராவிடம் சொன்னபோது அவர், "எனக்கு மார்கழியும் ஒண்ணுதான், மாசியும் ஒண்ணுதான். மெதுவா குடுங்க" என்றார். வேணுகோபால்தான் கேட்கவில்லை. "உங்க நல்லதுக்குத்தான் சார்," என்றார். அது பொய்யில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சுவரை மூடச் சொல்லிவிட்டார். "இப்போதைக்கு ஸ்க்ரூ போதும். சர்வீஸுக்கு வரும்போது தகடு வச்சுக்கலாம்." மறுநாள் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டியை அனுப்பினார். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாத பீமராவ் அந்தத் தட்டில் தன் வலது கையால் ஒரு பூவை எடுத்துப் போட்டார். வேணுகோபாலுக்காகத்தான்.

முதல் பயணம் தொட்டியம் வரைதான். காவிரிக்கரையில் சொந்தக்காரர் ஒருவரின் வாழைத்தோப்பில் வண்டியை நிறுத்தித் தங்கினார்கள். அன்று மாலையே பிரேமலதா போன் செய்தாள்.

"சார், ஸ்பீட் பிரேக்கர் வந்தா அலமாரியெல்லாம் தானா திறந்துக்குது. முசிறி தாண்டறதுக்குள்ள தட்டெல்லாம் தரையில கிடக்கு."

"மேக்னட் மாத்தித் தரேன்மா."

"சிங்க்குக்குக் கீழ பைப் கழண்டு போச்சு. கூரையில அந்த ஃபேன் இருக்குல்ல, அது பக்கத்துல தூறலுக்கே ஒழுகுது. கட்டிலுக்கு மேல குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா அறிவு. அவளுக்கு ஒரே குஷி. எனக்குத்தான் அழுகை வருது. புது வண்டி சார் இது!"

வேணுகோபால் மன்னிப்புக் கேட்டார். இதெல்லாம் புது வண்டியில் வரும், சரிசெய்துவிடலாம் என்று தனக்கும் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை வந்த போன் அப்படி இல்லை. அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், திருச்சி புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிரேமலதா போனை வைத்துவிட்டாள்.

வேணுகோபால் பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எலும்பு எதுவும் முறியவில்லை. தோளில் மட்டும் நல்ல அடி. பீமராவ் படுக்கையில் சாய்ந்திருந்தார். வேணுகோபாலைக் கண்டதும், "வாங்க வாங்க. உங்க வண்டிக்கு நான் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேன்" என்றார்.

"என்ன சார் ஆச்சு?"

"பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிச்சேன். கை நழுவிடுச்சு. விழுந்த வேகத்துல அந்தக் கம்பியும் ஒரு பக்கம் பிய்ச்சுக்கிட்டு வந்துடுச்சு. இந்தக் கையும் போக ஆரம்பிச்சிடுச்சு போல, வேணு."

வேணுகோபாலுக்குத் தெரியும். கை நழுவவில்லை. முதலில் பிடுங்கிக்கொண்டது கைப்பிடி. பிளைவுட்டில் கடித்துக்கொண்டிருந்த சின்ன ஸ்க்ரூக்கள் ஒரு ஆளின் பாரத்தை எவ்வளவு நேரம் தாங்கும்? அதைச் சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்தில் பிரேமலதா நின்றுகொண்டிருந்தாள். ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்படித்தான் இருக்கும் சார்," என்றார்.

பிறகு அந்த மூன்று சொற்களைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டார். குற்றம் செய்தவரை யாரும் குற்றம் சொல்லாதபோதுதான் அது அதிகமாகக் கனக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலில் பகல் பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்தது. வழக்கம்போல வரிசையில் நின்றார். கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த இரும்புக் கம்பியில் கை பட்டது. தன்னை அறியாமலே அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், கெட்டியாக இருக்கிறதா என்று. பின்னால் நின்றவர், "நகருங்க சார், பெருமாள் அந்தப் பக்கம்" என்றார். சேவிக்கும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சில நாட்கள் கழித்துப் பிரேமலதா மறுபடி கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை உலுக்கியது.

"வண்டியை யாராவது வாங்கிக்குவாங்களா சார்? அப்பா இனிமே எங்கயும் வரமாட்டாராம். டாக்டர் கை நல்லா இருக்குன்னு சொல்லிட்டார். இவர் நம்பமாட்டேங்கிறார். டம்ளரைக் கூட எடுக்கறதில்ல. அறிவுதான் ஊட்டிவிடறா."

அன்றைக்கே வேணுகோபால் புத்தூரில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனார். பீமராவ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையை ஏதோ கண்ணாடிச் சாமான் போல மடியில் வைத்திருந்தார். அறிவுமதி இட்லியைப் பிட்டு அவர் வாயில் வைத்தாள்.

"பெருசா வாயத் திறங்க தாத்தா. யானை மாதிரி."

பீமராவ் வாயைத் திறந்தார். சிரிக்கவில்லை.

பிரேமலதா காபி போட உள்ளே போனாள். வேணுகோபால் சிறுமியிடம், "அம்மாகிட்ட எனக்குச் சர்க்கரை கம்மின்னு சொல்லும்மா" என்று அவளையும் அனுப்பினார். பிறகு நாற்காலியின் அருகே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன வேணு, கீழ உக்கார்றீங்க?"

"உங்க கை நழுவல சார். கைப்பிடிதான் பிடுங்கிடுச்சு. பின்னாடி தகடு இல்ல. வரலை. மார்கழிக்கு முன்னாடி குடுக்கணும்னு நான்தான் வைக்காமலே மூடச் சொன்னேன்."

பீமராவ் அவரையே பார்த்தார். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும் சார்."

"ஆஸ்பத்திரில நான் சொன்னப்ப?"

"தெரியும்."

வெளியே தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். பீமராவ் மடியில் இருந்த கையைத் தூக்கி, விரல்களை விரித்து, மூடி, மறுபடி விரித்தார்.

"இந்தக் கையை நான் என்னவெல்லாம் திட்டினேன் தெரியுமாய்யா? ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதுவும் துரோகம் பண்ணிடுச்சுன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் நெனச்சேன்."

கன்னத்தில் ஓர் அறை விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வேணுகோபாலுக்குத் தோன்றியது.

அறிவுமதி திரும்பி வந்தாள். பீமராவ் அவளிடம், "தட்டை இங்க வை" என்றார். ஓர் இட்லித் துண்டை எடுத்தார். சட்டையில் கொஞ்சம் சட்னி சிந்தியது. ஆனாலும் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அறிவுமதி, "அம்மா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

காபியோடு வந்த பிரேமலதாவிடமும் வேணுகோபால் சொன்னார். அவள் விடவில்லை. எங்க அப்பா தலையில அடிபட்டிருந்தா என்று கேட்டாள், நாள் பார்க்கத் தெரிந்தவருக்கு ஆள் பார்க்கத் தெரியாதா என்று கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "காபி ஆறுது, குடிங்க" என்றாள்.

அந்தக் காபியைக் குடிப்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"வண்டியை எடுத்துட்டுப் போங்க," என்றார் பீமராவ். "பாப்பாவுக்கு லீவு முடியறதுக்குள்ள தனுஷ்கோடி பார்த்துட்டு வரணும். இந்தத் தடவை நாளெல்லாம் பார்க்காதீங்க. வேலையைப் பாருங்க." மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. வேணுகோபாலும் கேட்கவில்லை.

பட்டறையில் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுக் கேரவனை எடுத்தார்கள். கலீல் கூரை ஓட்டையை அடைத்து, தண்ணீர் பீய்ச்சிப் பார்த்து, மறுபடி அடைத்தான். அலமாரிகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது. குளியலறைச் சுவரைப் பிரித்து, இதற்குள் வந்துசேர்ந்திருந்த தகட்டைச் சட்டத்தோடு வெல்டு செய்தார்கள். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று கலீல் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து கருவிகளை எடுத்துவைக்கும்போது, "கட்டில் பக்கத்துக் கைப்பிடி நீங்க போட்டதுதானே அண்ணே? சுவரை மூடின அன்னைக்கு, நான் தொழுகைக்குப் போயிருந்தப்ப. ஒரு தகடு கிடைச்சுதுன்னு சொன்னீங்க. அது கெட்டியாத்தான் இருக்கும்" என்றான்.

"ம்," என்றார் வேணுகோபால்.

தகடு எதுவும் கிடைத்திருக்கவில்லை. அன்றைக்குக் கலீலின் வாயை அடைக்க அப்படிச் சொல்லியிருந்தார். பீமராவிடம் அத்தனையும் சொன்னவருக்கு, தன்னை அண்ணே என்று கூப்பிடுகிறவன் முன்னால் இந்த ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான் கலீல். ஆடவில்லை. குளியலறையில் இருந்ததும் முதல் நாள் ஆடவில்லைதான்.

மறுநாள் வைகுண்ட ஏகாதசி. ஊருக்கே விடுமுறை, பட்டறைக்கும்தான். அதற்கு அடுத்த நாள் காலையில் பீமராவ் குடும்பம் கிளம்புகிறது.

விடிந்ததும் வேணுகோபால் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். மனைவி ரெங்கநாயகி புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டே வந்தாள்.

"சாவி எதுக்குங்க? நடந்துதானே போறோம்?"

"நீ உங்க தங்கச்சியோட போயிட்டு வா. எனக்குத் துவாக்குடியில கொஞ்சம் வேலை இருக்கு."

"இன்னைக்கா? சொர்க்கவாசலை விட்டுட்டுப் பட்டறை வாசலுக்குப் போறீங்களா? கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு வருஷம் விட்டதில்லையே!"

"பெருமாள்கிட்ட சொல்லிக்கிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"வண்டியை மெதுவா ஓட்டச் சொன்னார்."

அவள் முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

கோயிலை நோக்கி வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு எதிராக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே பாலம் வரை போக வேண்டியிருந்தது. துவாக்குடியில் தெரு வெறிச்சென்றிருந்தது. பட்டறையைத் திறந்து, கட்டில் பக்கத்துச் சுவரின் பிளைவுட்டைக் கழற்றினார். உள்ளே வெள்ளைத் தெர்மாகோல் மட்டும்தான் இருந்தது. எதிர்பார்த்ததுதான் என்றாலும், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தெர்மாகோலை வெட்டி எடுத்தார். தீப்பொறி படாமல் இருக்கச் சுற்றிலும் ஈரச் சாக்கைத் திணித்தார். மிச்சமிருந்த தகட்டைப் பிடிக்கக் கூட ஓர் ஆள் இல்லாததால் முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு வெல்டு செய்தார். வெல்டிங் செய்து பல வருடங்கள் ஆகியிருந்தன. முதல் பக்கம் கோணலாகப் போய்விட்டது. அரைத்து எடுத்துவிட்டு மறுபடி செய்தார். விரத நாள் என்பதால் வயிறு காலி.

தகடு ஆறியதும் தெர்மாகோலையும் பிளைவுட்டையும் திரும்பப் பொருத்தி, கைப்பிடியை மாட்டி, போல்ட்டுகளை முறுக்கினார். எந்த மந்திரமும் சொல்லவில்லை, கடைசிச் சுற்றில் மட்டும் ரங்கா ரங்கா என்று வாயில் தானாக வந்தது. கட்டிலில் உட்கார்ந்து, பீமராவ் எழுந்திருப்பதுபோல வலது கையால் மட்டும் பிடித்து எழுந்தார். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கால்களைத் தரையிலிருந்து தூக்கி, தன் முழு எடையையும் அதன் மேல் விட்டார். தோள் வலிக்கும் வரை அப்படியே தொங்கினார். கைப்பிடி அசையவில்லை.

இறங்கி, கட்டிலின் மேல் விழுந்திருந்த மரத்தூளைத் துண்டால் துடைத்தார். தெர்மாகோல் மணிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கினார். கழற்றிய பழைய ஸ்க்ரூக்களைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் பட்டறையைப் பூட்டினார்.