கிண்ணத்தின் அந்தப் பக்கம்

…கலந்தாகிவிட்டது, இனி என்ன, விரலால் வழித்து எறியவா முடியும், வெண்டைக்காய்க் குழம்பு தண்ணீரா என்ன ஓடிப் பரவுவதற்கு, வழவழவென்று வைத்த இடத்திலேயே நிற்கும், அதற்காகத்தான் இன்றைக்கு வெண்டைக்காயா? வீட்டில் நிலக்கடலை கிடந்தது, தக்காளி கிடந்தது, ஆனால் என்யோனத்தின் கை நேரே வெண்டைக்காய்க்குத்தானே போனது… மண் கிண்ணத்தின் அந்தப் பக்கம் தம்பி செலோமுக்கு, இந்தப் பக்கம் தனக்கு, நடுவில் புகைபோட்ட மீன், பக்கத்துத் தட்டில் சோளக் களி ஆவி விட்டுக்கொண்டு. ஒரே கிண்ணத்தில்தான் சாப்பாடு, அவரவர் பக்கத்தில்தான் கை, இந்தக் கரையில் குழந்தைக்கும் தெரிந்த மரியாதை அது, அதை இப்படியும் பயன்படுத்தலாம் என்று தன் மண்டைக்கு எப்படித் தோன்றிற்று, சீ.

மாமா அக்பெகோ தூக்க மருந்துப் பொடியைப் பொட்டலமாகவே கொண்டுவந்து கையில் திணித்தார். “தூங்கினதும் ஒரு குரல் குடு, நாங்க வேப்பமரத்தடியில வண்டியோட நிக்கிறோம், அலுங்காம தூக்கிட்டுப் போயிடுவோம். ஏண்டி முறைக்கிறே, கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?” சாகாதுதான், போன தடவை செலோமுக்குப் புத்தி கலங்கினபோதும் சாகவில்லை, நாலு பேர் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, கயிற்றால் கட்டி, ஊசி போட்டு, எங்கேயோ கொண்டுபோய் அடைத்து, திரும்பி வந்தவன் வாயோரம் எச்சில் ஒழுக வெங்காயப் பாத்தி நடுவில் உட்கார்ந்திருந்தான், மழைக்காலம் முழுக்க அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை… அவன் காலைப் பிடித்தவர்களில் அவளும் ஒருத்தி. ஆமாம், பிடித்தாள், மாமா பிடி என்றார், பிடித்தாள்.

அதற்குப் பிறகுதானே அந்தத் தேவாலயக் கூடத்துக்கு அவனோடு போக ஆரம்பித்தது. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் கட்டப்பட்டவர்கள், டெலாலியின் கணுக்காலில் சங்கிலித் தடம் இன்னும் இருக்கிறது, அவள்தான் சொல்லிக் கொடுத்தாள், அது வரும்போது கூட்டம் சேக்காதே, குரலை உசத்தாதே, நீ ஒருத்தி மட்டும் கூட இரு, நடந்தான்னா கூடவே நட, வந்த மாதிரி போகும். தெளிவாக இருந்த ஒரு நாள் செலோமும் எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் கத்தினா கத்திட்டுப் போறேன். திருட்டுத்தனமா மட்டும் எதுவும் குடுத்துடாதேக்கா” என்றான். சத்தியம் செய்தாள். இந்தத் தடவை நடந்தாளே, கால் வீங்கும்வரை காயல் கரையில் அவன் பின்னாலேயே நடந்தாளே, இன்று விடியலில் கொஞ்சம் கண் அசந்ததுதான் குற்றம், விழித்தபோது அவன் இடுப்பளவு தண்ணீரில் யாரிடமோ பேசிக்கொண்டு நிற்கிறான், வலைக்காரர்கள் இழுத்துக் கரையில் விடுகிறார்கள், ஊரே வேடிக்கை பார்க்கிறது… டெலாலி வெளியூரில் ஒரு சாவுச் சடங்குக்குப் போயிருக்கிறாள், பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன், அதுவரைக்கும் தாங்கு என்றாள் போனில். எப்படித் தாங்குவது? இன்னொரு முறை தண்ணீரில் இறங்கினால்? பயமாக இருக்கிறதே, பெற்றவர்கள் இருந்தாலாவது… இல்லை, அவர்களும் மாமா பக்கம்தான் நின்றிருப்பார்கள்.

வந்துவிட்டான். கை கழுவினான். எதிரே முக்காலியில் உட்கார்ந்தான், காயலோடு பேசுகிற உதடு இன்னும் ஓயவில்லை, ஆனாலும் களியைக் கிள்ளி உருட்டுகிற விரல் அதே பழைய விரல், எவ்வளவு மெலிந்துவிட்டது. சாப்பிடு, சீக்கிரம் சாப்பிட்டுவிடு… வேண்டாம், சாப்பிடாதே… இரண்டும் ஒரே நெஞ்சில் ஓடுகிறதே. குனிந்துகொண்டு தன் பக்கத்தையே தொட்டுத் தொட்டுத் தின்றாள், ருசி தெரியவில்லை. அவன் களியைக் குழம்புக்கு மேலே பிடித்தபடி நிறுத்தினான்.

“என்னக்கா, இன்னிக்கு என் பக்கம் கையே நீளல? எப்பவும் எங்கிட்டேயிருந்து திருடித்தானே திம்பே.”

சிரிக்கிறானா? கண் சிரிக்கவில்லை. ஐயோ, இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது இந்த மரியாதையை அவள் காப்பாற்றியிருக்கிறாளா, சண்டை போட்டுச் சண்டை போட்டு அவன் பக்கத்து மீனைப் பிடுங்கியே தின்ற வாய், இன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இவ்வளவு ஒழுங்கு, பைத்தியம் என்கிறார்களே இவனை, ஊரில் யாருக்கு இது கண்ணில் பட்டிருக்கும்…

“தின்னாதே செலோம்.” குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “மாமா குடுத்தாரு. நான்தான் கலந்தேன்.”

அவன் களியைத் தட்டில் வைத்தான். கத்துவான், கிண்ணத்தைத் தூக்கி எறிவான் என்று காத்திருந்தாள், எறிந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு, “எனக்கும் பயமாத்தான் இருக்கு. தூக்கமே வரல. நீ கேட்டிருந்தா நானே முழுங்கியிருப்பேன்” என்றான்.

கேட்டிருந்தால். அவ்வளவுதானா, அவ்வளவுதானே, மாமா கேட்கவில்லை, ஊசி போட்டவர் கேட்கவில்லை, சத்தியம் செய்த அவளும்கூடக் கேட்கவில்லையே… சரி, இப்போது கேட்டால் என்ன, இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, செலோம், உனக்கு வேணுமா, வேண்டாமா, நீயே சொல்லு என்று வாயைத் திறந்தவளுக்கு வண்டிக் கதவு அறைகிற சத்தம் கேட்டது, குரல் கொடுக்கவில்லையே என்று அவர்களே வருகிறார்கள் போல, சரளையில் செருப்புகள், ஒன்றல்ல பல. செலோமுக்கும் கேட்டது. அவன் வாசலைப் பார்க்கவில்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். திறந்த வாய் திறந்தபடி இருக்க அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, முற்றத்தில் கயிற்றோடு ஆட்கள் நிற்கும்போது கேட்டால், அதற்குப் பெயர் கேட்பதா?